மலையும் மனையும்

மலையோரத்தில் ஒரு தங்கும் விடுதியைப் புதிதாகக் கட்டவோ பழையதை இடித்துப் பெரிதாக்கவோ நினைப்பவர் முதலில் அதன் வரைபடத்தை அரசு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது, சரிவு எவ்வளவு, எத்தனை தளங்கள், தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், மழைக்காலத்து ஓடை மறிபடுமா, காப்புக்காட்டின் எல்லை எவ்வளவு தூரம் என்றெல்லாம் அங்கே கேட்கப்பட வேண்டும். திட்ட அனுமதிப் பரிசீலனை என்பது இந்தக் கேள்விகளின் தொகுப்பு. சமவெளியில் ஒரு கட்டடம் தவறாக எழுந்தால் பெரும்பாலும் பக்கத்து வீட்டின் வெளிச்சமும் காற்றும் கெடும். மலையில் அப்படி எழுந்தால் மண் இளகும், ஊற்றுக்கண் அடைபடும், கீழே பல மைல் தள்ளியிருக்கும் ஊரின் ஏரிக்கு வரும் தண்ணீர் குறையும். விண்ணப்பதாரரின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்களிடம் அந்தப் பாதிப்பு போய்ச் சேரும். மலைப்பகுதியில் இந்தப் பரிசீலனை முதன்மையாக அந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்க முடியாதவர்களுக்காக நடக்கிறது.

இந்தப் பரிசீலனை எப்படி நடக்க வேண்டும் என்ற கேள்வி இன்று கூர்மையாக எழும் இடங்களில் ஒன்று ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி. ஓசூரை யாரும் மலைவாசஸ்தலம் என்று சொல்வதில்லை. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. அதன் குளிரைக் கண்டுதான் தளி வட்டாரத்துக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் வந்தது. தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மேலகிரி மலைகள் காவிரிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகின்றன. மேற்கே காடு எந்த மாநில எல்லையையும் பார்க்காமல் பன்னேருகட்டாவுடன் தொடர்கிறது. வடக்கே நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர்.

1971-இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டு, ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்த பிறகு இந்த வட்டாரத்தின் முகம் மாறியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. 2021-க்குப் பின் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்வாகன ஆலையும், ஓசூருக்குத் தெற்கே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் வேலையாட்களை ஆயிரக்கணக்கில் இழுத்து வந்தன. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வேலையோடு பணமும், பணத்தோடு வார இறுதி ஓய்வுக்கு இடம் தேடும் கூட்டமும் வந்தன. ராகியும் கொள்ளும் விளைந்த புஞ்சைகள் பண்ணை மனைகளாகவும் ரிசார்ட்டுகளாகவும் கைமாறுகின்றன. ஆலைக்கு நிலம் எடுக்கும்போது ஊரே பேசுகிறது. ஒரு விடுதிக்காகவோ பத்து ஏக்கர் பண்ணை மனைக்காகவோ கிரயம் நடக்கும்போது பேச்சு பத்திர அலுவலகத்தோடு முடிந்துவிடுகிறது. மலையடிவாரம் இப்படிச் சிறு சிறு துண்டுகளாகத்தான் கைவிட்டுப் போகிறது.

அந்தத் துண்டுகளைப் பரிசீலிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. அடிப்படை, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். ஒரு பகுதியின் நிலப் பயன்பாட்டுக்கான முழுமைத் திட்டத்தை வரைந்தால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணைகளைப் பெற வேண்டும் என்று அது சொல்கிறது. தனிக் கட்டடத்துக்கு அனுமதி கேட்கப்படும்போது, அந்த இடம் அந்தப் பயன்பாட்டுக்குப் பொருந்துமா என்பதைத் திட்டக் குழுமம் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது 49-ஆம் பிரிவு. அனுமதியில்லாமல் கட்டியதை அகற்ற 56-ஆம் பிரிவு. நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்த 57-ஆம் பிரிவு.

மலைகளுக்கென்று இதற்கு மேல் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம், பேச்சு வழக்கில் 'ஹாக்கா'. அதன் பட்டியலில் உள்ள மலைக் கிராமத்தில் கட்ட வேண்டுமானால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்து வேண்டும். மரம், மண், பாறை மூன்றும் தனித்தனியாகச் சாட்சி சொல்லும் ஏற்பாடு இது. மற்றொன்று, உதகை, கொடைக்கானல் போன்ற நகராட்சிகளுக்காக 1993-இல் வந்த மலைவாசஸ்தலக் கட்டட விதிகள். இவை கட்டடத்தின் உயரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மலையின் தோற்றத்தோடு கட்டடம் இசைகிறதா என்று பார்க்கக் கட்டடக்கலை, அழகியல் குழு ஒன்றையும் ஏற்படுத்தின.

மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இந்த இடத்தில் பெரிதாக உதவுவதில்லை. 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடம் அதன் வரம்புக்குள் வராது. அதற்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று அறிவிக்கையே விலக்கியிருக்கிறது. நாற்பது அறை கொண்ட விடுதி காட்டோரத்தில் எழும்போது, ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் அந்த அறிவிக்கையின் கீழ் யாருக்கும் இல்லை. ஆகையால் மலையோர விடுதியின் பரிசீலனை முழுக்க மாநிலச் சட்டத்தையும், கோப்பைப் பார்க்கும் அதிகாரியின் மனத்திண்மையையும் நம்பியிருக்கிறது.

அந்த நம்பிக்கை எப்படிப் பொய்க்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு, கொடைக்கானலின் 'பிளசன்ட் ஸ்டே' விடுதி. இரண்டு தளங்களுக்கு மட்டுமே இடமிருந்த மலைச்சரிவில் ஏழு தளங்கள் எழுந்தன. வேலையை நிறுத்தச் சொல்லி உள்ளூர் நிர்வாகம் முயன்றும் கட்டடம் உயர்ந்துகொண்டே போனது. 1985 முதல் அந்த மலையின் சோலைகளுக்காகவும் நீர்நிலைகளுக்காகவும் உழைத்துவந்த பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு ஒருபுறமிருக்க, 1994 மே மாதம் மாநில அரசு அந்தக் கட்டடத்துக்கு விதிகளிலிருந்து விலக்களித்து ஆணை பிறப்பித்தது. 1995-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, அனுமதிக்கு மேற்பட்ட தளங்களை இடிக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

இந்த வழக்கின் உள்ளடக்கத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். விதிவிலக்கு என்பது சட்டத்துக்குப் புறம்பானதல்ல. எந்த விதியும் எல்லாச் சூழலையும் முன்கூட்டியே காணாது என்பதால், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 113-ஆம் பிரிவில் அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தந்திருக்கிறது. மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ தவிர்க்க முடியாத நெருக்கடியில் அது பயன்படலாம். ஆனால் கட்டி முடித்த கட்டடத்துக்குப் பின்னால் வந்து சேரும் விலக்கு வேறு வகையைச் சேர்ந்தது. 'இங்கே கட்டலாமா' என்ற கேள்வியை அது 'கட்டியதை இடிக்கலாமா' என்று மாற்றிவிடுகிறது. முதல் கேள்வியில் பொறுப்பு விண்ணப்பதாரர் மீது இருக்கிறது. இரண்டாவதில் கொட்டிய சிமெண்டு, வாங்கிய கடன், வேலைக்கு வந்த ஆட்கள் எல்லாம் சேர்ந்து கேட்பவர் மீது பாரத்தை ஏற்றுகின்றன. மலையின் பக்கம் நிற்பவர் அப்போது பிழைப்பைக் கெடுக்க வந்தவராகத் தெரிகிறார்.

இந்தக் கோப்பு பிறகு கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நெஞ்சில் ஆறாத வடுவாகப் பதிந்தது. விலக்களித்ததில் அதிகார முறைகேடு நடந்தது என்ற குற்றவியல் வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதா உள்ளிட்டோருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றே நடந்த போராட்டத்தில், அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தின் தலைநகரை ஒட்டிய இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்து மாண்டார்கள். கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் தொடங்கிய விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்ததால் வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2007-இல் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2016-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. கொலைக்கான பொறுப்பு கொலை செய்தவர்களுடையது. இருந்தாலும் ஒரு மலைச்சரிவில் எத்தனை தளம் கட்டலாம் என்ற கேள்விக்கு உரிய நேரத்தில் உறுதியான பதில் கிடைத்திருந்தால், அந்த விடுதியின் பேரில் ஒரு குற்றவியல் வழக்கே எழுந்திருக்காது. திட்ட அனுமதி வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைப்பவர்கள் அந்தப் பேருந்தை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதே 2000-ஆம் ஆண்டில் விதிவிலக்கின் எல்லை பற்றி உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியது. கன்சூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் 113-ஆம் பிரிவு செல்லும் என்று ஏற்ற நீதிமன்றம், அதன் கீழ் பிறப்பிக்கப்பட்டிருந்த 62 விலக்கு ஆணைகளை ரத்து செய்தது. அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே காரணம் சொல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது, விலக்கும் சட்டத்தின் நோக்கத்துக்குள் நிற்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற பழக்கம் நிற்கவில்லை. விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்தச் சட்டத்திலேயே ஏற்கெனவே இருந்த 113-ஏ பிரிவோடு, பின்னர் 113-சி பிரிவும் சேர்ந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்ததைத் தொடர்ந்து, 2017-இல் மனைப்பிரிவு வரன்முறை விதிகள் வந்தன. கொடைக்கானலில் 2019-இல் நீதிமன்ற ஆணையின் பேரில் வரிசையாகக் கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டன. கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு விடுதிக்கு நேர்ந்தது பிறகு ஊர் முழுவதற்கும் நேர்ந்தது.

மலைக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்பது அடுத்த கேள்வி. இதற்கு உலக அளவில் பேசப்படும் முன்னுதாரணம் பனிச்சறுக்கு விடுதி ஒன்றைப் பற்றியது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மினரல் கிங் என்ற பள்ளத்தாக்கில் வால்ட் டிஸ்னி நிறுவனம் பெரும் பனிச்சறுக்கு உல்லாச நகரம் அமைக்க முன்வந்தது. அமெரிக்க வனத்துறை 1969-இல் ஒப்புதல் அளித்தது. சியரா கிளப் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு நேரடிப் பாதிப்பு உண்டு என்று காட்டவில்லை எனச் சொல்லி வழக்கை ஏற்க மறுத்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஆறும் பள்ளத்தாக்கும் தம் பெயரிலேயே வழக்காட உரிமை பெற வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பில் வாதிட்டார். வழக்கு தோற்றும் திட்டம் நின்றது. காலம் தாழத் தாழ எதிர்ப்பு வலுத்து, 1978-இல் அந்தப் பள்ளத்தாக்கு செக்கோயா தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் மணாலிக்கருகே 2005 வாக்கில் முன்வைக்கப்பட்ட 'இமாலயப் பனிச்சறுக்குக் கிராமம்' திட்டம் வேறொரு பரிசீலனையைச் சந்தித்தது. குலுப் பள்ளத்தாக்கின் கிராம தெய்வங்களை நகர் என்ற ஊரில் கூட்டிக் குறிகேட்டு, தெய்வங்கள் சம்மதிக்கவில்லை என்று மக்கள் அறிவித்தார்கள். அந்தத் திட்டமும் நிறைவேறவில்லை. நவீன நிர்வாகத்துக்கு இது நம்பிக்கையின் விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் மலை முழுவதையும் தம் பொறுப்பாகக் கருதும் ஒரு சமூகம் தனக்குத் தெரிந்த மன்றத்தில் தன் கருத்தைப் பதிவுசெய்த முறை அது. தமிழ்நாட்டில் பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தால் மலைக்காக வழக்காட முடிந்ததற்கு, பொதுநல வழக்குக்கு இந்திய நீதிமன்றங்கள் 1980-களில் அகலத் திறந்த கதவுதான் காரணம். அந்தக் கதவு விலைமதிப்பற்றது. ஆனால் கட்டடம் எழுந்த பிறகே அதைத் தட்ட வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

மனிதரல்லாதவரின் பாதையும் பரிசீலனைக்குள் வர வேண்டும் என்பதை நீலகிரியின் சீகூர் பீடபூமி வழக்கு நிலைநாட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் யானைகள் இணைத்து நடக்கும் அந்த இடத்தில் விடுதிகளும் மின்வேலிகளும் பெருகின. 2010-இல் மாநில அரசு அங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. விடுதி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2011-இல் உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அறிவிப்பு செல்லும் என்றன. தனித்தனி ஆட்சேபணைகளை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைந்தது. ஒவ்வொரு விடுதியும் தன் வேலிக்குள் பார்த்தால் சிறியதுதான். வழித்தடத்தின் மீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் பாதை அடைபட்டது தெரிந்தது.

ஓசூர் வனக்கோட்டத்துக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தும் பாடம். ஆண்டுதோறும் ராகி முற்றும் பருவத்தில் பன்னேருகட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளிக் காடுகளுக்கு வருகின்றன. அங்கிருந்து சானமாவு காப்புக்காடு வரை வந்து, ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையைக் கடக்கின்றன. பயிர் அழிகிறது. உழவர்களும் இறக்கிறார்கள், யானைகளும் இறக்கின்றன. 2014-இல் 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அறிவிக்கப்பட்டன. இவை பெரும் சாதனைகள். ஆனால் சரணாலயத்தின் கோடு காப்புக்காட்டோடு நிற்கிறது. யானை நடக்கும் வழியோ இரண்டு காடுகளுக்கு நடுவே பட்டா நிலத்தில் கிடக்கிறது. மதில் எழுப்பிய ஒரு பண்ணை மனை அந்த வழியில் விழுந்தால் யானை சுற்றிக்கொண்டு அடுத்த ஊரின் ராகிக் காட்டுக்குள் இறங்கும். மனை வாங்கியவருக்கு அது தெரியப்போவதில்லை. விலையைக் கொடுப்பவர் அடுத்த ஊர் உழவர்.

தண்ணீரும் இதே போலத்தான். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் விளிம்பைத் தொட்டு, அதன் கழிவைச் சுமந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரையாக வந்து விழுகிறது. பிறகு 1950-களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் பாசனத்துக்குப் போகிறது. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோளில் கட்டிய அணையைப் பற்றித் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுக்கப்படும் கட்டட அனுமதி, இந்தப் பக்கத்து நிலத்தடி நீரின் மீது கொடுக்கப்படும் அனுமதியும்கூட. கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கும் தமிழ்நாட்டின் ஜூஜூவாடிக்கும் நடுவே உள்ள கோடு கோப்புகளைத்தான் பிரிக்கிறது. விமான நிலையத் திட்டத்திலும் இதே எல்லைச் சிக்கல் உண்டு. பெங்களூர் விமான நிலையத்துடனான ஒப்பந்தம் 150 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் புதிய நிலையத்தை 2033 வரை கட்டுப்படுத்துகிறது. வணிக நலனுக்காக மாநில எல்லை தாண்டிய ஒரு விதியை எழுத முடிந்தது. ஆற்றுக்காகவும் யானைக்காகவும் அப்படியொரு ஏற்பாட்டை எழுத முடியாமல் போகக் காரணம் எதுவும் இல்லை.

ஆக, மேலகிரி அடிவாரத்தில் விடுதிக்கோ மனைப்பிரிவுக்கோ வரும் விண்ணப்பம் எப்படிப் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பதை இந்த வழக்குகளிலிருந்தே வரிசைப்படுத்தலாம். முதலாவது, மலைப்பகுதி எது என்ற வரையறை. கிராமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், சரிவையும் ஓடையையும் காட்டின் அருகாமையையும் வைத்து இடத்தை அறிய வேண்டும். விவசாய நிலமாகவே பத்திரம் எழுதப்படும் பண்ணை மனைகள் மனைப்பிரிவு விதிகளிலிருந்து நழுவும் வழி அப்போது அடைபடும். இரண்டாவது, கூட்டுக் கணக்கு. ஒரு விடுதிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்பதைவிட, அதே ஓடைப்படுகையில் ஏற்கெனவே எத்தனை ஆழ்துளைக் கிணறுகள், எத்தனை வேலிகள் என்று கேட்பது பயன் தரும். மூன்றாவது, எவ்வளவு சிறிய திட்டமானாலும் ஊராட்சியின் கிராம சபையில் வரைபடத்தை விரித்து வைத்துக் கருத்துக் கேட்பது. யானை எந்த மாதம் எந்த வழியில் வரும் என்பதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் ராகிக் காட்டில் இரவுக் காவல் இருக்கும் உழவர்களும், மேலகிரியின் இருளர்களும்தான். அவர்களைக் கேட்காமல் எழுதப்படும் கருத்துரை பாதி உண்மைதான்.

நான்காவதும் முதன்மையானதும், காலம். அடித்தளம் தோண்டும் முன்பே 'கூடாது' என்று சொல்லப்படும் ஒரு சொல், நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் இடிப்பு ஆணையைவிட எல்லாருக்கும் நல்லது, முதலீடு செய்பவருக்கும்கூட. அதைச் சொல்லும் அதிகாரிக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இருக்க வேண்டும். அவர் எழுதிய காரணம் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். விலக்கு கேட்டு யாராவது மேலே போனால் அந்தக் கோரிக்கையும் அதற்கான பதிலும் அதேபோல் பகிரங்கமாக இருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் முழுமைத் திட்டத்துக்குத் தரும் இரண்டு மாத ஆட்சேபணைக் காலத்தை ஓசூர் வட்டாரத்து மக்கள் தங்கள் உரிமையாகக் கையில் எடுத்து, யானை வழியையும் ஓடைகளையும் அந்தத் திட்ட வரைபடத்திலேயே குறிக்கச் செய்தால், பின்னால் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் அந்தக் கோடுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொடைக்கானலும் சீகூரும் கட்டிய பிறகு கற்ற பாடத்தை ஓசூர் கட்டுவதற்கு முன்பே கற்றுக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.